ஏழாம் குன்றின் வெள்ளைக் கொடி

ஒரு காலத்தில், எந்த ராசா ஆண்ட காலம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஓர் ஆறு இருந்தது. அந்த ஆற்றங்கரை நெடுக ஒன்பது குன்றுகள் இருந்தன. மேற்கே மலையடியில் ஒன்றாம் குன்று. கிழக்கே கடலைப் பார்த்தபடி ஒன்பதாம் குன்று.

குன்றுக்கு ஓர் ஆள். மலையில் மழை கொட்டி ஆற்றில் வெள்ளம் புறப்பட்டால் ஒன்றாம் குன்றுக்காரர் சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடிப்பார். அதைப் பார்த்து இரண்டாம் குன்றுக்காரர் பிடிப்பார். அப்படியே வெள்ளத்துக்கு முன்னால் சேதி கடலோரம் போய்ச் சேர்ந்துவிடும். காட்டுத்தீ என்றால் மஞ்சள். ஆள் வேண்டும் என்றால் பச்சை. கொடி ஒவ்வொன்றும் எட்டு முழ வேட்டி அத்தனை பெரிசு.

கொடிக்காரர்கள் குன்றை விட்டு இறங்கக் கூடாது. அதனால் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால், மேற்குப் பக்கத்துக் குன்றுக்காரர் இருந்த இடத்தில் இருந்தபடியே கொடியைக் காட்டிக் காட்டிப் பழக்க வேண்டும். முதல் பாடம் வெள்ளைக் கொடி. ‘பார்த்தேன், புரிந்தது’ என்று அதற்கு அர்த்தம். எதிர்க் குன்றில் வெள்ளை ஏறும்வரை இந்தப் பக்கம் கொடியை இறக்கக் கூடாது என்பது முறை.

ஆறாம் குன்று மாசானத்துடையது. இருபது வருஷக் கொடிக்காரன், தலை நரைத்தவன். அவனிடம் பழக வந்த ஏழாம் குன்றுக்காரர்கள்தான் நிலைக்கவே இல்லை. ஏழாம் குன்றின் பழைய ஆள் மாசானத்தின் கையசைவை வைத்தே எந்தக் கொடி என்று சொல்லிவிடுவார். அவர் காலமான பிறகு வந்தவர்களில் ஒருவன் நாற்பது நாள் இருந்தான். ஒருவன் ஒரு வாரம். மூன்றாமவன் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே மூட்டையோடு இறங்கிப் போனான். அந்த வருஷம் ஏழாம் குன்றில் ஆளில்லாமல் வெள்ளம் கொடிக்கு முன்னால் வந்தது. கீழூரில் பதினோரு வீடுகள் போயின.

இப்போது நாலாவதாக ஒருத்தி வந்திருக்கிறாள். பேச்சியம்மை என்று பேர். ஆடு மேய்த்தவள், கண் கூர்மை என்று ஊரார் அனுப்பியிருந்தார்கள். அவளும் மஞ்சள் காட்டினால் வெள்ளையைத் தூக்குகிறாள், பிறகு கிழக்கே திரும்பிச் சிவப்பைக் காட்டுகிறாள். தப்பு என்று மாசானம் கொடியை ஆட்டினால் அதற்கும் ஒரு வெள்ளை. மழைக்கு இருபது நாள்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் ஆசான் உடையப்பன் வந்து சேர்ந்தார். குன்று குன்றாக நடந்து பார்ப்பது அவர் வேலை. மாசானத்தைவிட நாலு வயது இளையவர். என்றாலும் ஆசான் ஆசான்தானே. மாசானம் தன் குறையையெல்லாம் கொட்டினான். எத்தனை தரம் காட்டினாலும் ஏறவில்லை என்றான். வருகிற ஆள் எல்லாமே மக்காக வருகிறது என்றான்.

“கண்ணெதிரே இல்லாத ஆளுக்கு எப்படி ஆசானே பாடம் சொல்வது?”

ஆசான் குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, பாடம் எந்நேரம் நடக்கிறது என்று விசாரித்தார்.

“பொழுது சாயும் நேரம். அப்பத்தான் வெயில் நேரே ஏழாம் குன்றுமேல விழும். அவள் மூக்கைச் சொறிந்தால்கூட எனக்குத் தெரியும்.”

“நல்லது. நாளைக்குப் பாடத்தை நான் காட்டுகிறேன். நீர் ஏழாம் குன்றில் இருந்து பார்த்துவிட்டு வாரும்.”

குருவிக்குக் கொஞ்ச தூரம்தான். ஆள் நடக்க, பள்ளத்தில் இறங்கி ஓடை தாண்டி ஏற, ஒரு பகல் ஆகும். மாசானம் விடியுமுன் கிளம்பினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது பேச்சியம்மை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். யார் என்று சொன்னதும் மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்கதான் ஆறாம் குன்றா? கொடிக்குப் பின்னால கை மட்டும்தான் இருக்குன்னுல்லா நினைச்சேன்.”

மூட்டை எதற்கு என்று கேட்டான். கீழூரில் அக்கா வீடு இருக்கிறது என்றாள். அக்காவுக்கு மூணு பிள்ளைகள்.

“நான் நிறத்தை மாத்திக் காட்டி அதுங்க ஆத்தோட போகவா? என் மண்டையில ஏறல அண்ணாச்சி. வேற ஆளைப் பாருங்க.”

இன்று ஒரு நாள் இரு, ஆசான் காட்டுகிறார் என்று மாசானம் அவளை உட்காரவைத்தான். தானே கொடிகளை எடுத்து அடுக்கினான். எப்படிப் படிக்க வேண்டும் என்று அவளுக்குக் காட்டிவிடலாம் என்று ஓர் எண்ணம்.

பொழுது சாய்ந்தது. சூரியன் போய் ஆறாம் குன்றுக்குப் பின்னால் நின்றுகொண்டது. உச்சியில் ஒரு கொடி எழுந்தது. கறுப்பு. மாசானம் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான், கண்ணில் நீர் வந்தது. கொடி இறங்கி அடுத்தது எழுந்தது. அதுவும் கறுப்பு. மூன்றாவதும் கறுப்பு. அது இறங்கவில்லை. அப்படியே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

மாசானத்தின் கை வெள்ளையை எடுத்தது. தூக்கியது. எதிரே கொடி இறங்கிற்று.

பேச்சியம்மை இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன கொடி அண்ணாச்சி அது?”

“தெரியல.”

“பெறவு எதுக்கு வெள்ளையைத் தூக்குனீங்க?”

“அவருக்குக் கை வலிக்குமே.”

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த கொக்கு எழுந்து பறந்தது. நிற்க முடியாமல் பாறையில் உட்கார்ந்து சிரித்தாள். மாசானத்துக்குக் கோபம் வரப்பார்த்தது.

“சாயங்காலம் ஒண்ணும் தெரியாதுன்னு இத்தனை நாளா ஏன் சொல்லல நீ?”

“எந்தக் கொடியில சொல்ல?”

அவள் மூட்டையை அவிழ்த்து அரிசியை எடுத்து உலையில் போட்டாள். மண்டையில் குறையில்லை என்று தெரிந்துவிட்டது, மழைக்கு முன்னால் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் இருக்கிறேன் என்றாள். மாசானம் வெளியே பாறையில் படுத்தான். காலையில் அவளே எழுப்பி, ஆறாம் குன்றைப் பார்க்கச் சொன்னாள். கிழக்கு வெயிலில் அங்கே நிற்கும் புளியமரத்தின் கிளைகளை எண்ணலாம் போல இருந்தது.

அவன் திரும்பி ஏறியபோது ஆசான் கஞ்சி வைத்திருந்தார். குடித்து முடித்ததும் மாசானமே சொன்னான்.

“நீங்கள் காட்டினது எதுவும் தெரியவில்லை ஆசானே. தெரியாமலே வெள்ளை தூக்கினேன்.”

“பார்த்தேன். பளிச்சென்று தெரிந்தது.”

“என்னென்ன கொடி காட்டினீர்கள்?”

“கொடியா? என் வேட்டி, உம்முடைய துண்டு, அப்புறம் ஒரு போர்வை. துவைத்தேன், காய வேண்டாமா? நீர் புரிந்தது என்றதும் மடித்துவைத்துவிட்டேன்.”

இனிமேல் பாடத்தைக் காலையில் வைத்துக்கொள்வதாக மாசானம் சொன்னான். ஆனால் காலையில் ஏழாம் குன்று வெயிலுக்கு முன்னால் நிற்கும், அவள் என்ன பதில் காட்டினாலும் தனக்குத் தெரியாதே என்றான்.

“அவள் பதிலுக்குச் சாயங்காலம்வரை பொறுக்க முடியாதா உம்மால்?”

மாசானம் சரி என்று தலையை ஆட்டினான். பிறகு மெல்லக் கேட்டான்.

“புரியவில்லை என்பதற்கு என்ன நிறம் வைக்கலாம் ஆசானே?”

“எனக்குத் தெரியாது.”

ஆசான் வாயிலிருந்து அந்தச் சொல்லை மாசானம் அதுவரை கேட்டதில்லை.

“அப்படியானால் யாரைக் கேட்பது?”

“புரியாமல் நின்றவளை.”

விடிந்ததும் ஆசான் கொடிக்கழியை எடுத்துக்கொண்டு மாசானத்தின் இடத்தில் போய் நின்றார். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, மறுபடியும் கிழக்கே பார்த்து இறங்கி நடந்தான்.