மேல்சிறுவள்ளியில் முழங்காத வேட்டு

இந்த வழக்கு எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை. ஆகவே தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மேல்சிறுவள்ளியில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போவது வழக்கம். சத்தியசீலனும் லூர்துநாதனும் ஒரே நாளில் ஆளெடுப்பில் தேறியவர்கள். வடக்கே எல்லைச் சண்டையில் ஒரே பதுங்குகுழியில் இருந்தார்கள். குண்டு விழுந்தபோது சத்தியசீலன் இறந்துபோனான், லூர்துநாதன் பிழைத்தான்.

சத்தியசீலனின் தந்தை ஏகாம்பரம் கோயில் திருவிழாக்களில் அதிர்வேட்டுப் போடுகிறவர். இரும்புக் குழாயில் வெடிமருந்தை இறுக்கித் திரி வைத்தால் மூன்று ஊருக்குக் கேட்கும். மகனின் உடல் கொடி போர்த்தி வந்த அன்று ஊராட்சித் தலைவி கோமளவல்லி கூட்டத்தின் நடுவே அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஊர்ல சுதந்திரக் கொடி ஏறுற காலம் வரைக்கும் உங்க மகன் பேர்ல மூணு வேட்டு முழங்கும்ணா. இது ஊர் குடுக்கற வாக்கு."

ஆண்டுதோறும் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, பள்ளிக்கூட வாசலில் அவனுக்கு எழுப்பிய நினைவுத்தூண் அருகே கொடி ஏறியதும் ஏகாம்பரமே திரியைக் கொளுத்தினார்.

நான்காம் ஆண்டு லூர்துநாதன் பட்டாளத்தை விட்டு வந்துவிட்டான். பார்க்க நன்றாகத்தான் இருந்தான். குக்கர் விசில் அடித்தால் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொள்வான். கொடியேற்றத்தன்று முதல் வேட்டு அதிர்ந்ததும் பக்கத்தில் நின்ற ஆறு வயது மகளை வாய்க்காலுக்குள் தள்ளி அவள்மேல் விழுந்து மூடிக்கொண்டான். விலக்கி எடுக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். குழந்தையின் கை ஒடிந்திருந்தது. "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான்.

அடுத்த ஆகஸ்ட் நெருங்க நெருங்க அவன் மனைவி ஜெயசீலிக்குச் சோறு இறங்கவில்லை. ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போனாள்.

"மாமா, இந்த வருஷம் வேட்டு வேணாம். தூணுக்கு மாலை போட்டுக் கும்பிட்டா போதாதா?"

அவர் சொன்னார்: "உன் புருஷனுக்காகப் பேச நீ இருக்கம்மா. என் பிள்ளைக்காகச் சத்தம் போட அந்த மூணு குழாயை விட்டா யாரு இருக்கா?"

ஜெயசீலி தலைவியிடம் போனாள். கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற கோமளவல்லிக்கு வாய் வரவில்லை. லூர்துநாதனைக் கூப்பிட்டு, "அன்னிக்கு ஒரு நாள் மட்டும் வேலூர்ல மாமியார் வீட்ல இருந்துட்டு வாயேன் தம்பி" என்றார்.

"அவனுக்கு மரியாதை செய்யற அன்னிக்கு நான் ஊரை விட்டு ஓடணுமாக்கா? வேட்டு போடட்டும். நான் நிக்கிறேன்" என்றான் அவன். குரல் உறுதியாக இருந்தது. சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்த விரல்களை ஜெயசீலி மட்டும் கவனித்தாள்.

ஆகஸ்ட் பதினைந்து விடிந்தது. ஏகாம்பரம் மருந்து இறுக்கிய மூன்று குழாய்களையும் தூணுக்குப் பின்னால் நட்டுவிட்டுக் குளிக்கப் போனார். ஜெயசீலி ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். மூன்று குழாய்களிலும் ஊற்றினாள். கொடிக்கயிற்றைச் சரிபார்க்க வந்த கோமளவல்லி அதைப் பார்த்தார்; ஒரு வார்த்தையும் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டார்.

எட்டு மணிக்குக் கொடி ஏறியது. பிள்ளைகள் பாடி முடித்தார்கள். தூணருகே லூர்துநாதன் விறைப்பாக நின்றான். கழுத்தில் வியர்வை வழிந்தது. கண்களை இறுக மூடியிருந்தான்.

ஏகாம்பரம் கொள்ளியோடு குனிந்தார். மண் சேறாகக் கிடந்தது. குழாயின் வாயில் தண்ணீர் மினுங்கியது. காய்ந்த மருந்து இன்னொரு டப்பா நிறைய அவர் பையில் இருந்தது. வேறு குழாய்களும் இருந்தன. பத்து நிமிடம் போதும். நிமிர்ந்து பார்த்தார். ஜெயசீலியின் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. லூர்துநாதனின் உதடுகள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.

ஏகாம்பரம் கொள்ளியை மண்ணில் குத்தி அணைத்தார்.

"மருந்து நமுத்துப்போச்சு. நான்தான் பாக்காம விட்டுட்டேன். இன்னிக்கி வேட்டு இல்ல."

"நாப்பது வருஷத் தொழில்காரன் பேசற பேச்சா இது? பெத்த பிள்ளை விஷயத்துலயே இப்படியா?" என்று யாரோ சத்தமாகவே கேட்டார்கள். அவர் குனிந்து குழாய்களைப் பிடுங்கத் தொடங்கினார்.

லூர்துநாதன் கண்ணைத் திறந்தான். "போடுங்கப்பா. நான் நிக்கிறேன்ல" என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

இப்போது சொல்லுங்கள். ஊர் கொடுத்த வாக்கில் தண்ணீர் ஊற்றிய ஜெயசீலி, பார்த்தும் வாய் திறக்காத கோமளவல்லி, உடம்பு பதறியும் நகராமல் நின்ற லூர்துநாதன், பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட ஏகாம்பரம். இவர்களில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால் ஏகாம்பரம் என்பேன். ஜெயசீலியின் பயம் நியாயமானது. ஆனால் அவள் கொட்டிக் கெடுத்தது அவளுடைய பொருள் அல்ல. லூர்துநாதனின் துணிச்சலுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தையின் ஒடிந்த கை இருக்கிறது. வாக்கு கொடுத்த கோமளவல்லியோ அதைக் காக்கவும் இல்லை, முறிக்கவும் இல்லை. அந்த வாக்கை விட்டுக்கொடுக்க உரிமை உள்ளவர் அதைப் பெற்றவர் ஒருவர்தான். காய்ந்த மருந்து கையில் இருந்தது; ஆகவே வேட்டை நிறுத்தியது தண்ணீர் அல்ல. செத்த மகனுக்குச் சேர வேண்டிய சத்தத்தை, பிழைத்து வந்தவனுக்காக அவர் விட்டுக்கொடுத்தார். ஆனால் அது அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும். வாக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. லூர்துநாதனும் அதே ஊரில்தான் இருக்கிறான். அடுத்த கொடியேற்றத்துக்கு என்ன செய்வது என்று கோமளவல்லி இதுவரை யாரிடமும் பேசவில்லை. நாளோ நெருங்கிக்கொண்டிருக்கிறது.