ஏரிக்கரை அழைப்பு

"சாமி, என் பெரிய மக வரமாட்டேங்கிறா."

ஏகாம்பரம் இதைச் சொன்னபோது, குரு புடலைக் கொடியின் கீழே நின்று பிஞ்சு ஒன்றின் நுனியில் நூலால் கல் கட்டிக்கொண்டிருந்தார். கல் கட்டினால் புடலை நேராக வளரும்.

"எங்கேயிருந்து வரணும்?"

"செத்து எட்டு வருஷம் ஆச்சு சாமி."

"அப்ப தூரம்தான்" என்றார் குரு.

குருவுக்கு மௌனசாமி என்று பெயர். பேச்சை நிறுத்தமாட்டார். ஓடாத மோட்டார் கொட்டகை ஒன்றில் குடியிருந்தார். ஏகாம்பரத்தைவிடப் பத்து வயது இளையவர். அவருக்கு ஒரே ஒரு சீடர் என்பது ஏகாம்பரத்தின் கருத்து. ஒருவரும் இல்லை என்பது குருவின் கருத்து.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால், அந்த வீட்டில் செத்துப்போன பெண்ணை நீர்க்கரையில் அழைப்பார்கள். உடுக்கை அடித்து, புதுத் துணி வைத்துப் படைப்பார்கள். அவள் வீட்டுப் பெண் ஒருத்தியின் மேல் இறங்கி, சரி என்று சொன்ன பிறகே பந்தக்கால் நடுவார்கள். எந்தச் சாத்திரத்திலும் இல்லாத முறை. ஆகவே யாரும் மீறுவதில்லை.

"மூணு தடவை கூப்பிட்டாச்சு. உடுக்கைக்காரருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. சுகந்தி வரலை. அவ வந்து சொல்லாம பந்தக்கால் நடக்கூடாதுன்னு என் சம்சாரம் பிடிவாதமா இருக்கா. புதன்கிழமை சின்னவளுக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டுல இப்பவே முணுமுணுக்கிறாங்க. நின்னுபோயிடும் போல இருக்கு சாமி."

"என்ன துணி வச்சே?"

"பாவாடை தாவணி. கல்யாணம் ஆகாம போனவளுக்கு அதுதானே முறை?"

"முறைதான்."

குரு முடிச்சை இறுக்கினார். மிச்ச நூலை ஏகாம்பரத்திடம் நீட்டினார்.

"இதை அறு."

"கத்தி?"

"நூலுக்கு எதுக்குக் கத்தி? பல்லால கடி."

ஏகாம்பரம் நூலை வாயருகே கொண்டுபோனார்.

கடிக்கவில்லை. கொடியில் கல் ஆடியது.

குரு தெரிந்துதான் சொன்னாரா, கொட்டகையில் கத்தி இல்லாததால் சொன்னாரா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

"ஈரக் கயிறு சாமி" என்றார் ஏகாம்பரம். "லேசுல அறுபடாது."

குரு பேசவில்லை. தம் பெயருக்குப் பொருத்தமாக அவர் நடந்துகொண்ட சில தருணங்களில் இது ஒன்று.

"சுகந்தியும் அந்தப் பையனும், ரெண்டு பேரும் ஏரியில கிடந்தாங்க. நான்தான் முதல்ல இறங்கினேன். அவ கழுத்துல மஞ்சக் கயிறு. ஊர் வர்றதுக்குள்ள அவுக்கப் பார்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது. கடிச்சு அறுத்து, தண்ணியில விட்டுட்டேன். அப்புறம்தான் ஆளுங்களைக் கூப்பிட்டேன்."

"அவன்?"

"அவனை அவங்க ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போனாங்க. ஏரிக்கு அந்தப் பக்கம்."

"பேரு?"

எட்டு வருஷமாக ஏகாம்பரம் சொல்லாத பெயர். இப்போதும் சொல்லவில்லை.

"கயிறு இருந்தது யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சாமி. என் சம்சாரத்துக்குக்கூட."

"சுகந்திக்கு?"

ஏகாம்பரம் கையிலிருந்த நூலைப் பார்த்தார்.

குரு நூலை வாங்கித் தாமே கடித்து அறுத்தார்.

"உனக்குத் தங்கச்சி இருக்கா இல்ல? அவளுக்கு எப்படிப் பத்திரிகை வச்சே?"

"தட்டுல புடவை வேட்டி வச்சு, மச்சானோட முந்தின நாளே வந்துடணும்மான்னு..."

நிறுத்திக்கொண்டார்.

"மச்சானை விட்டுட்டு நீ மட்டும் வான்னு கூப்பிட்டா?"

"வரமாட்டா."

"செடிக்குத் தண்ணி ஊத்தணும்" என்று குரு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் ஏகாம்பரம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அதற்குப் பிறகு அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தட்டில் புடவைக்குப் பக்கத்தில் வேட்டியை எடுத்து வைத்தவள் அவள்தான்.

மறுநாள் காலை ஏரிக்கு அந்தப் பக்கம் போனார்கள். அறுபத்தொரு வருஷத்தில் ஏகாம்பரம் கால் வைக்காத தெரு. அவர் முன்னால், மனைவி பத்தடி பின்னால்.

மூன்றாவது வீட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அவரை அடையாளம் கண்டுகொண்டார். எழுந்திருக்கவில்லை.

"தயாளன் வீடு..." என்றார் ஏகாம்பரம்.

அந்த அம்மாள் தட்டைப் பார்த்தார். பூ, வெற்றிலை, மஞ்சள், புடவை, வேட்டி.

"வீடு மாறி வந்துட்டீங்க. இங்க கல்யாணம் பண்ண யாரும் மிச்சமில்லை."

"ஆன கல்யாணம்தான் சம்பந்தியம்மா" என்றார் ஏகாம்பரம். "சொல்ல எட்டு வருஷம் ஆயிடுச்சு."