யாரென்று கேட்காத சிலந்தி

யானை செத்துப்போய், யானைக்கொட்டில் மட்டும் மிச்சமிருந்த ஒரு ராஜாவின் காலம் அது. அந்தக் காலிக் கொட்டிலின் உத்திரத்தில் பொன்னிழை என்றொரு பெண் சிலந்தி வலை கட்டிக் குடியிருந்தாள். பக்கத்தில் ஒரு பல்லி. அது எப்போதாவதுதான் வாய் திறக்கும்.

பொன்னிழைக்கு ஒரே கவலை. மழைக்காலத்துக்குள் துணை கிடைத்து முட்டையிட்டாக வேண்டும். தப்பினால் அவள் வம்சம் அவளோடு சரி. "என்னைத் தேடி ஒருத்தரும் வரலையே" என்று அவள் அழாத நாளில்லை.

வராமலா இருந்தார்கள்? கேளுங்கள் இந்தக் கூத்தை! பெண் கேட்டு வருகிற ஆண் சிலந்தி, வலையின் ஓரத்து இழையைக் காலால் மீட்டி, வந்திருப்பதைத் தெரிவிக்க வேண்டும். அதுதான் அவர்கள் குல வழக்கம். பொன்னிழைக்கோ இழை ஆடினால் சாப்பாடு. ஒருவன் வந்து மீட்டினான், பாய்ந்தாள், தின்றாள். இன்னொருவன் வந்து மீட்டினான், பாய்ந்தாள், தின்றாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி அழுதாள். அட, சிரிக்காதீர்கள். அந்த அழுகை நிஜம்.

மூன்றாவதாக வந்தவன் செம்புள்ளி. அவளில் பாதிகூட இருக்கமாட்டான். மீட்டினான், பாய்ந்தாள். ஒரு காலை அவள் வாயில் விட்டுவிட்டு, நூல்பிடித்துக் கீழே இறங்கித் தப்பினான். போனவன் திரும்ப ஏறி வந்தான். மீட்டினான், நிறுத்தினான். மீட்டினான், நிறுத்தினான்.

பாயப் போனவள் நின்றாள். மாட்டிக்கொண்ட ஈ இப்படி விட்டு விட்டு ஆடாதே! வாழ்நாளில் முதன்முறையாக, "யாரது?" என்று கேட்டாள்.

"அப்பாடா! இந்த ஒரு வார்த்தையை முன்னாடியே கேட்கக் கூடாதா அம்மணி? எனக்கு ஒரு கால் போச்சே" என்றான் செம்புள்ளி. "உங்களைப் பெண் கேட்டு வந்திருக்கிறேன்."

பொன்னிழை பல்லியைப் பார்த்தாள். "அப்படியானால் அந்த ரெண்டு பேர்?"

"அவங்களும் மாப்பிள்ளைங்கதான்" என்றது பல்லி.

"நீ சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ எங்கே கேட்டே?"

பொன்னிழையும் செம்புள்ளியும் சேர்ந்தார்கள். ஆண் சிலந்திக்கு ஆயுசு கொஞ்சம். மழைக்கு முன்பே அவன் போய்ச்சேர்ந்தான். அவள் முட்டையிட்டு, இழையால் பை நெய்து மூடி, பசியோடு காவல் கிடந்தாள். குஞ்சுகள் பொரிந்தன. ஆளுக்கொரு நூலை நீட்டிக் காற்றோடு பறந்துபோயின. சிலந்திப் பிள்ளைகள் வீட்டில் தங்குவதில்லை.

கொட்டில் பழையபடி காலி. இழை ஆடும்போதெல்லாம் பொன்னிழை, "யாரது?" என்பாள். பெரும்பாலும் அது வெறும் காற்று. ஆனாலும் கேட்காமல் அவள் ஒருநாளும் பாயவில்லை.

ஆகையால் மக்களே, தேடி வந்தவரை யாரென்றுகூடக் கேட்காமல் கடித்துவிட்டு, யாரும் வரவில்லையே என்று அழக் கூடாது.