பெரும்பான்மையால் அணைந்த திரை

கோணமங்கலம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் விடையில்லை. அவ்வூராரே இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஒரு நீர்ப்பாசனச் சங்கம் உண்டு. அச்சங்கத்துக்கு ஓர் ஆழ்துளைக் கிணறும், அதில் ஒரு மோட்டாரும், நான்கு நிர்வாகிகளும் உண்டு. இவற்றுள் வேலை செய்வது மோட்டார் மட்டுமே.

தலைவர் தில்லைநாயகம் எதையும் இருமுறை யோசிப்பவர். இருமுறையும் ஒரே தவற்றைச் செய்பவர். செயலாளர் ஏகாம்பரம், காதில் விழுந்ததை விழுந்தபடியே நிறைவேற்றுபவர். பொருளாளர் உலகநாதன், கடை என்று ஒன்று திறந்திருந்தால் அதில் ஏதேனும் வாங்குவதே மரியாதை என்று கருதுபவர். தணிக்கையாளர் கலியமூர்த்தியோ மற்ற மூவரும் சொன்னதை மீண்டும் ஒருமுறை சொல்லிவிட்டு, தணிக்கை முடிந்தது என்று அமர்ந்துவிடுபவர்.

சுற்று வட்டாரத்து விவசாயிகள் வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே கைப்பேசிச் செயலியால் வயல் மோட்டாரை ஓட்டுகிறார்கள் என்னும் செய்தி ஒருநாள் கோணமங்கலத்தை எட்டியது. உடனே நால்வரும் டவுனுக்குப் பேருந்து ஏறினார்கள். கிளம்புவதற்கு முன்பாக, மோட்டார் கொட்டகையில் இருந்த பச்சைப் பொத்தானைப் பிடுங்கி எடுத்து, அலுவலகச் சுவரில் மாட்டி மாலையும் போட்டார்கள். செயலி வரப்போகிறது, இனிப் பொத்தான் எதற்கு?

கடைக்காரர் நல்லவர். வந்தவர்களின் முகங்களைப் பார்த்ததும், நீண்ட நாளாக விற்காமல் கிடந்த அலமாரியைத் திறந்தார். மோட்டார்ச் செயலி ஏற்றிய பெரிய டேப் கணினி ஒன்று; கீழே விழுந்தாலும் உடையாதபடி அதற்குத் தலையணை போன்ற பஞ்சு உறை; நிறுத்திவைக்க ஒரு தாங்கி; மின்சாரம் இல்லாத வேளைக்கு ஒரு பவர் பேங்க். இறுதியாக, மெல்லிய கண்ணாடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இதைத் திரை மேல ஒட்டிட்டீங்கன்னா, நேரா பாக்கறவருக்கு மட்டுந்தான் தெரியும். பக்கத்துல உக்காந்து எட்டிப் பாத்தா கருப்பாத்தான் இருக்கும்."

"எங்க மோட்டார யாருங்க எட்டிப் பாக்கப்போறா?" என்றார் கலியமூர்த்தி.

"பக்கத்து ஊரு மேலூர்க்காரன்தான் எட்டிப் பாப்பான்," என்றார் தில்லைநாயகம். "பாத்தான்னா நம்ம தண்ணி எங்க இருக்குன்னு தெரிஞ்சிக்குவான்."

"கிணத்துலதானே இருக்கு?"

"சத்தமாச் சொல்லாதய்யா!"

கண்ணாடி அந்தக் கணமே ஒட்டப்பட்டது. புறப்படும்போது கடைக்காரர் ஒன்று சொன்னார்: "சார்ஜ் நல்லா நூறு ஏறட்டும், அப்புறம் பயன்படுத்துங்க."

ஏகாம்பரம் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். அதன் பயனாக, சங்கம் பல நாள்கள் சுவரோரம் நின்றது. டேப்பில் நூறு ஏறும். நால்வரும் கைதட்டுவார்கள். ஏகாம்பரம் கம்பியைப் பிடுங்குவார். தலைவர் இரண்டு வார்த்தை பேசுவார். அவர் பேசி முடிப்பதற்குள் நூறு, தொண்ணூற்றொன்பது ஆகிவிடும்.

"குறைஞ்சிடுச்சு! சொருகு, சொருகு!"

தலைவர் பேசாமலிருந்தால் சரியாகிவிடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் உலகநாதன்தான் பவர் பேங்கை டேப்போடு இணைத்துவைத்தார். நூறு நூறாகவே நின்றது. அப்பாடா என்று எல்லோரும் அமர்ந்தபோதுதான் வேம்பாயி வந்தாள்.

வேம்பாயிக்குக் கொஞ்சம் நிலமும் நிறைய வாயும் உண்டு. அவள் முளைகட்டிய விதைநெல்லை நாற்றங்காலில் தெளித்திருந்தாள். அன்று கிணற்றில் அவளுடைய முறை.

"தலைவரய்யா, வெயில் பட்டையக் கெளப்புது. சாயங்காலத்துக்குள்ள தண்ணி காட்டலேன்னா மொளை அத்தனையும் கருகிப்போயிரும். இருந்த வெதையெல்லாம் அதுலதான் போட்டிருக்கேன். மோட்டாரப் போடுங்க."

"போட்டாப் போச்சு," என்றார் தில்லைநாயகம்.

இவ்விடத்தில் அலுவலகத்தின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். சுவர் எழுப்பும் செலவை மிச்சம் பிடிப்பதற்காக, பழைய எருக்குழி ஒன்றின் பக்கங்களையே சுவர்களாகக் கொண்டு, மேலே கூரை போட்டிருந்தார்கள். படி இறங்கித்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே நீண்ட பெஞ்சு ஒன்று. நால்வரும் அதில் பதவி வரிசைப்படி அமர்வார்கள். தலைவரின் இருக்கைக்கு நேரெதிரே ஒரு குட்டை மேசை. யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று அதன் கால்களுக்கு சிமென்ட் பூசியிருந்தார்கள். அதன்மேல் டேப் நின்றது.

தில்லைநாயகம் முன்னே குனிந்தார். "ஆங், பச்ச வட்டம் தெரியுது. அமுக்கிடவா?"

"எங்க தெரியுது?" என்றார் பக்கத்திலிருந்த ஏகாம்பரம். "தெரை அணைஞ்சில்ல கெடக்கு."

"கும்மிருட்டா இருக்கு," என்றார் உலகநாதன்.

"அணைஞ்சு கெடக்கு, கும்மிருட்டா இருக்கு," என்று தணிக்கை செய்தார் கலியமூர்த்தி.

தலைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "எனக்கு நல்லாத் தெரியுதேய்யா. ஒருவேள அந்தக் கண்ணாடி செய்யிற வேலையோ?"

"சங்கப் பணத்துல வாங்குன கண்ணாடி, சங்கத்து ஆளையே மறைக்குமா தலைவரே? அதுக்குக் கொஞ்சம்கூடவா நன்றி இல்லாமப் போயிடும்?" என்றார் உலகநாதன்.

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது; தலைவருக்கும்தான். ஆகவே வாக்கெடுப்பு நடந்தது. திரை எரிகிறது என்பதற்கு ஒரு கை உயர்ந்தது. அணைந்துள்ளது என்பதற்கு மூன்று கைகள் உயர்ந்தன. திரை அணைந்துள்ளது என்று தீர்மானம் நிறைவேறிற்று.

"ஒரு தடவ எடம் மாறி உக்காந்து பாருங்களேன்," என்றாள் வேம்பாயி, பல்லைக் கடித்துக்கொண்டு.

மாறி அமர்ந்தார்கள். இப்போது ஏகாம்பரம் மேசைக்கு நேரே வந்தார். வந்ததும் துள்ளிக் குதித்தார்.

"அட, எரியுது!"

"நல்லாப் பாரும் செயலாளரே," என்றார் பக்கத்துக்கு நகர்ந்துவிட்ட தில்லைநாயகம். "நானும் உம்மைப் போலத்தான் ஏமாந்தேன். இப்பத்தான் உண்மை தெரியுது. இருட்டு."

மூன்றுக்கு ஒன்று. அடுத்து உலகநாதன் வந்தமர்ந்தார். அவருக்கு எரிந்தது, மற்ற மூவருக்கும் அணைந்தது. மூன்றுக்கு ஒன்று. இறுதியாகக் கலியமூர்த்தி வந்தார். வாழ்நாளில் முதன்முறையாக, வேறு எவருக்கும் தெரியாத ஒன்று தமக்குத் தெரிவதைக் கண்டு அவர் நடுங்கிப்போனார்.

"எரியற மாதிரி... இருக்கு," என்றார். மற்ற மூவரும் அவரைப் பார்த்தார்கள். "ஆனா, நான் அதை ஒத்துக்கல," என்று சொல்லித் தாம் கண்டதற்கு எதிராகவே கை தூக்கினார். ஆகையால் இம்முறை திரை ஒருமனதாக அணைந்தது.

வேம்பாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏய்யா, நாலு பேரும் ஆளுக்கு ஒரு தடவ எரியுதுன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் எப்படி அணைஞ்சிருக்கும்?"

"ஒரே நேரத்துல சொல்லலியேம்மா," என்றார் ஏகாம்பரம், பாமரர்களிடம் காட்டவேண்டிய பரிவோடு.

அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. கலியமூர்த்தியைத் தோளால் ஒதுக்கிவிட்டு, மேசைக்கு நேரே நின்று, பச்சை வட்டத்தை ஒரே அமுக்காக அமுக்கினாள். தொலைவில் மோட்டார் உறுமத் தொடங்கியது. அவள் மண்வெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வயலை நோக்கி ஓடினாள்.

நால்வரும் மறுபடி பதவி வரிசைப்படி அமர்ந்தார்கள்.

"நிர்வாகி இல்லாத ஒரு பொம்பள நம்ம டேப்பைத் தொட்டுட்டா," என்றார் உலகநாதன்.

"அணைஞ்ச டேப்பைத்தானே தொட்டா? அதனால ஒண்ணும் ஆயிருக்காது," என்று தேற்றினார் ஏகாம்பரம்.

"அப்ப அந்தச் சத்தம்?"

"மேலூர் மோட்டாரா இருக்கும். அவனுக எப்பவுமே சத்தம் போடுறவனுகதான்."

எதற்கும் இருக்கட்டுமென்று, நிர்வாகி அல்லாதார் எவரும் இனி வாசற்படியைத் தாண்டலாகாது என்று விதி செய்தார்கள். பிறகு, அணைந்த திரையைப் பழுது பார்க்க என்னென்ன உதிரிப் பொருள்கள் வாங்கலாம் என்று உலகநாதன் விரிவாக எடுத்துரைத்தார். அவர் டார்ச் விளக்குவரை வந்திருந்தபோது வேம்பாயி திரும்பி வந்தாள். அவளுடைய முழங்கால்வரை சேறு.

"போதுங்கய்யா, நாத்தங்கால் நெறஞ்சிடுச்சு. மோட்டார நிறுத்துங்க. இதுக்கு மேல பாஞ்சா மொளையெல்லாம் மெதந்து போயிரும்."

"அங்கேயே நில்லும்மா. படி தாண்டக் கூடாது, விதி இருக்கு," என்றார் தில்லைநாயகம். "ஓடாத மோட்டார எப்படி நிறுத்துறது?"

"ஓடாத மோட்டாரா? காதுல விழலையா?"

"தெரை அணைஞ்சிருக்கு. அணைஞ்ச தெரையால மோட்டார் ஓடாது. இதெல்லாம் நிரூபிச்ச விஷயம்."

"அப்ப என் வயல்ல நிக்கறது என்னதுய்யா?"

நால்வரும் தலைகளைச் சேர்த்துக்கொண்டு கலந்தாலோசித்தார்கள். ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். "அது என்னன்னு எங்களால சொல்ல முடியாது. ஆனா ஓடாத மோட்டார்லேருந்து வந்ததால, அது தண்ணியா இருக்க வழியில்ல."

வேம்பாயி நால்வரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் பேசிய குரல் மிகவும் அடக்கமாக இருந்தது. அவளை அறிந்தவர்கள் அந்தக் குரலைக் கேட்டால் ஊரைவிட்டே போய்விடுவார்கள்.

"சரிங்கய்யா. இல்லாத தண்ணிதானே? எங்க திருப்பி விட்டாலும் ஒண்ணுதான்."

போனாள். தன் மடையை மண் போட்டு அடைத்தாள். நாற்றங்காலில் முளை நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் நிற்பதைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு வாய்க்கால் கரையில், சங்க அலுவலகத்தை நோக்கிய பக்கத்தில், மண்வெட்டியை ஓங்கி இறக்கினாள்.

முதலில் ஈரம் உணர்ந்தவர் கலியமூர்த்தி. "கால் சில்லுன்னு இருக்கற மாதிரி இருக்கு."

"யாருக்காவது சில்லுன்னு இருக்கா?" என்று தலைவர் கேட்டார். மற்ற மூவரும் முன்னதாகவே கால்களைப் பெஞ்சின்மேல் மடக்கி வைத்திருந்தபடியால், எவருக்கும் சில்லென்று இல்லை. கலியமூர்த்தி தாம் கூறியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தாமும் காலை மடக்கினார்.

படியில் சலசலவென்று இறங்கியது அறையில் மெல்ல உயர்ந்தது. மேசை மூழ்கியது. பவர் பேங்கின் கம்பி கழன்றது. பஞ்சு உறையில் இருந்த டேப், கடைக்காரர் சொல்லாத ஒரு நற்குணத்தையும் வெளிக்காட்டி, மல்லாந்து மிதக்கத் தொடங்கியது. சுழலும் நீரில் அது பெஞ்சின் ஓரமாகவே, ஒருவர் முன்னிருந்து மற்றவர் முன்னாக, மெதுவாக நகர்ந்தது.

"எரியுது!" என்றார் தில்லைநாயகம், அது தம் முன் வந்தபோது. "தொண்ணூத்தொம்போது!"

"இல்ல," என்றார்கள் மூவர்.

"எரியுது! மோட்டார் ஓடுதுன்னு போட்டிருக்கு!" என்றார் ஏகாம்பரம், அது தம்மைக் கடந்தபோது.

"இல்லவே இல்ல," என்றார்கள் மூவர். அவர்களுள் தில்லைநாயகத்தின் குரலே ஓங்கி ஒலித்தது.

உலகநாதனுக்கு எரிந்தது. தோற்றார். கலியமூர்த்தியின் முன் வந்தபோது அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். டேப் சுவரில் முட்டித் திரும்பி, மறுபடியும் தலைவரிடமிருந்தே சுற்றைத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றுக்கும் முறைப்படி வாக்கெடுத்தார்கள். நீர் மார்பை எட்டியபின், கையைத் தூக்கியே வைத்திருப்பது எல்லோருக்கும் வசதியாகவும் இருந்தது.

வாசலில், மண்வெட்டிமேல் தாடையை ஊன்றியபடி வேம்பாயி குந்தியிருந்தாள். "என்னங்கய்யா, தண்ணி போதுமா? இல்ல, இன்னும் கொஞ்சம் வரட்டுமா?"

"எந்தத் தண்ணி?" என்றார் தில்லைநாயகம், வாயில் புகுந்ததைக் கொப்பளித்துவிட்டு.

அப்போது உலகநாதன், கழுத்தை நீட்டி மேலே வைத்துக்கொண்டு, தம் இறுதிக் கோரிக்கையை முன்வைத்தார். "தலைவரே, டவுன் கடையில தண்ணி புகாத பை ஒண்ணு தொங்கிச்சு. டேப்பை அதுல போட்டு வெச்சா நல்லது. அதையும் வாங்கிடலாமா?"

"எதுக்குய்யா அது?"

"என்னைக்காவது இங்க தண்ணி வந்துட்டா?"

அதைக் கேட்டு நால்வரும் ஒன்றாகச் சிரித்தார்கள். எருக்குழியில், கூரைக்கு அடியில், நடுப் பகலில் தண்ணீராம்! ஊர்ப் பணத்தை இப்படி வீணடிக்க உடன்பட முடியாது என்று தலைவர் கண்டித்தார். உலகநாதனும் நாணிக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கூட்டம் இனிதே நிறைவுற்றது. வழக்கம்போல் பதவி வரிசைப்படி, தலைவரே முதலில் நீந்தி வெளியேறினார்.