கொம்பு நுனியில் ஒரு வெளிறல்

“ஒண்ணுமே தெரியலையேம்மா!”

தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார் ஆரோக்கியசாமி.

சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி லூர்து போன பிறகு, பொழுது சாய்ந்தாலே வீடு அவரை வெளியே துரத்தியது. அதனால்தான் தில்ஷாத்திடம் வானம் பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தார். தில்ஷாத்துக்கு அவர் மகள் வயது. உள்ளிருக்கும் கண்ணாடியைத் தன் கையாலேயே தேய்த்து, தன் வீட்டுக் கொல்லையில் அந்தத் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தாள்.

“அங்கேதான் இருக்கு ஐயா. எப்பவோ வெடிச்சுச் செத்துப்போன நட்சத்திரத்தோட புகை. ரிஷப ராசிக் காளையோட கொம்பு நுனிக்குப் பக்கத்துல.”

மறுபடி குனிந்தார். கண்ணில் நீர் கோக்கும்வரை உற்றுப் பார்த்தார்.

வெறும் இருட்டு.

“விட்டுடும்மா. இனிமே நான் வரலை. வீட்டுலயும் இதே கதைதான். அவ போட்டோவையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். போட்டோதான் தெரியுது. அவ முகம் வரமாட்டேங்குது.”



நிமிரப் போனவரைத் தில்ஷாத் தடுத்தாள்.

“கண்ணை எடுக்காதீங்க. உங்க வண்டி உங்க வீட்டு வழியா போகுமா ஐயா?”

“போகும். கொல்லைக்குப் பின்னாலயே தண்டவாளம்.”

“அவங்க வந்து நிப்பாங்களா?”

“நிப்பாளாவது! துணி காயப்போட்டுக்கிட்டு இருப்பா. நான் கடைசிப் பெட்டியில நின்னு பச்சைக்கொடியை ஆட்டுவேன். அவ கையில எது ஈரமா இருக்கோ அதை ஆட்டுவா. ஒருநாள் என் சட்டை. ஒருநாள் தலையணை உறை. ஒருநாள் பாரு, என்னன்னு பார்க்காமலே தன் பாவாடையைத் தூக்கி ஆட்டிட்டா! தண்டவாளத்துல வேலை செஞ்சவங்க எல்லாம் ஓன்னு சிரிக்கிறாங்க. அப்பதான் அவளுக்கே தெரிஞ்சது. அப்படியே நாக்கைக் கடிச்சுக்கிட்டு, இடது கன்னம் மட்டும் குழிய...”

சிரித்துவிட்டார். பார்வை தன் போக்கில் ஓரமாக நழுவியது.

நழுவிய இடத்துக்குப் பக்கத்தில், கண்ணாடியில் மூச்சுக்காற்று பட்டதுபோல ஒரு வெளிறல்.

“அம்மா! இருக்கு! இருக்கு!”

உடனே அதையே நேராகக் குறிவைத்துப் பார்த்தார்.

இல்லை.

“ஐயோ, போயிடுச்சே!”

தில்ஷாத் தொலைநோக்கிப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“அது நேராப் பார்த்தா தெரியாது ஐயா, ஓரப்பார்வைக்குத்தான் தெரியும். நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. அப்புறம்?”