கழுவிய சோளம்

ஒரு கரிசல் காட்டு ஊரில், ஒரு மூட்டை விதைச் சோளத்தின் மேல் இரண்டு பேர் ஒட்டிக் குடியிருந்தார்கள். ஒருவர் பாதரச மருந்து. இன்னொருத்தி சிவப்புச் சாயம்.

மருந்துக்கு நிறமும் கிடையாது, அவசரமும் கிடையாது. விதையை அழிக்க வரும் பூஞ்சணத்தைக் கொல்வது அவர் வேலை. ‘இது விதை, சோறில்லை’ என்று பார்க்கிறவர்களிடம் கத்துவது சாயத்தின் வேலை. அவளுக்கு ஒரு நிமிஷம் இருப்புக் கொள்ளாது.

“எதுக்கு இப்படிப் பதறுறே? விதைச்சா நம்ம வேலை முடிஞ்சுது” என்பார் மருந்து.

“மழையைக் காணோமே! பசி வந்தா மூட்டையைப் பிரிப்பாங்களே!”

அவள் பயந்தபடியே மழை பொய்த்தது. வீட்டுத் தானியக் குதிர் காலியானது. அந்த வீட்டுக்காரி மாடத்தி மூட்டையைப் பிரித்தாள்.

“விதையில மருந்து இருக்குன்னு சொன்னாங்களே புள்ள” என்றான் புருஷன் சங்கிலி.

“தெரியும். கோழிக்குப் போட்டுப் பாத்துட்டேன், நல்லாத்தான் மேயுது. செவப்புப் போற வரைக்கும் கழுவிட்டாப் போச்சு. நம்ம பேச்சி பசியில சுருண்டு கெடக்கா, பாருங்க.”

பெற்ற வயிற்றை நான் என்ன குறை சொல்ல?

உரசி உரசிக் கழுவினாள் மாடத்தி. சாயம் அவள் நகக்கண்ணைப் பிடித்துக்கொண்டு கதறினாள். “நீங்களும் வந்துருங்களேன்!” என்று மருந்தைக் கெஞ்சினாள்.

“நான் உள்ள ஊறிட்டேனே. தண்ணிக்கும் வரமாட்டேன், நெருப்புக்கும் போகமாட்டேன். பூஞ்சணம் எது, பிள்ளை எதுன்னு பாக்க எனக்குக் கண்ணும் இல்லை.”

சாயம் கொல்லைப்பக்கம் ஓடிப்போனாள். கழுவிய தண்ணீர் தெளிந்தது. “அப்பாடா” என்றாள் மாடத்தி. மகளுக்கு வயிறாரக் கஞ்சி ஊற்றிவிட்டுத் தான் சட்டியை வழித்துக்கொண்டாள்.

சில வாரம் தினமும் அதே கஞ்சிதான்; ஒன்றும் ஆகவில்லை. பேச்சியின் கன்னம்கூடக் கொஞ்சம் தேறியது. பிறகு கோழிகள் தள்ளாடிச் சாய்ந்தன. வெள்ளைக்கழிச்சல் நோய் என்று தூக்கிப் போட்டார்கள்.

அடுத்து பேச்சிக்கு விரல் மரத்தது. நடை தடுமாறியது. ‘அம்மா’ என்கிற சொல் நாக்கில் குழறியது. ஒரு காலையில், எதிரே நின்ற தாயைக் கையால் துழாவித் தேடினாள்.

மாடத்தி மகளை வாரி எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொல்லை வழியாக ஓடினாள். “தண்ணி தெளியத் தெளியக் கழுவுனேனே, சாமி!”

அவள் காலடியில், தண்ணீர் போன தடத்தில் காய்ந்து கிடந்த சாயம் சொன்னாள்:

“என்னைத்தானே கழுவுனே, தாயே.”