செய்தி மெதுவாகப் போகும் மரம்

ஒரு விடுகதை. செத்த பிறகும் இரண்டு மாதம் பச்சையாகவே நிற்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் அழகு அழகு என்பார்கள். அது என்ன? சொல்லுங்கள் பார்க்கலாம்.

கோத்தகிரியில் சபேசன் என்று ஒருவர் இருந்தார். அவருக்கும் இந்த விடை தெரியாது.

சபேசன் மோட்டார் காயில் கட்டுகிறவர். தேயிலைத் தொழிற்சாலைகளில் மோட்டார் எரிந்துபோனால் அவருடைய பட்டறைக்குத்தான் வரும். காலையில் வந்த மோட்டார் சாயங்காலம் ஓட வேண்டும், அதுதான் அவர் பெருமை.

ஒரு மலர்க் கண்காட்சியில், ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்தின் போன்சாய் ஒன்றைப் பார்த்தார். ஒரு முழ உயரம். ஆனால் பாறை விளிம்பில் நூறு வருஷம் காற்று வாங்கிய மரம் போல வளைந்து நின்றது. வளர்த்தவர் ரூபவதி, ஊருக்குக் கீழே சரிவில் நர்சரி வைத்திருப்பவர். சபேசனைவிட ஐந்தாறு வயது இளையவர். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவரிடம் கற்றுக்கொள்ளப் போய் நின்றார்.

மகள் தர்ஷிகாவையும் கூட்டிப்போனார். ஒன்பது வயது. சனிக்கிழமை அபாகஸ், ஞாயிறு காலை கீபோர்டு, மாலை செஸ். நடுவில் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது.

கறுப்புக் கவரில் இருந்த ஜூனிபர் செடிகளில் அடர்த்தியான ஒன்றைச் சபேசன் எடுத்தார். ரூபவதி அடிமண்ணை விரலால் விலக்கி, தண்டு எங்கே வேராக மாறுகிறது என்று காட்டினார். மூன்று கிளைகளை மட்டும் வெட்டினார்.

"இன்னைக்கு இவ்வளவுதான் அண்ணா."

"மீதி, டீச்சர்?"

"அடுத்த வருஷம் கம்பி கட்டலாம். வேர் அதுக்கு அடுத்த வருஷம்."

"அப்போ அந்த மரம் மாதிரி ஆக?"

"பத்து வருஷம் வைங்களேன்."

தர்ஷிகா வெட்டிய கிளையை விரலில் நசுக்கி மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பென்சில் சீவுற வாசனைப்பா" என்றாள். சபேசன் கேட்கவில்லை. பத்து வருஷம் என்ற சொல்லிலேயே நின்றிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் செடியைப் பட்டறை மேஜையில் வைத்தார். முக்கால்வாசி இலையை வெட்டினார். வேரில் பாதியை அறுத்து, தட்டைத் தொட்டியில் இறக்கினார். பிறகு அலுமினியக் கம்பியை எடுத்தார். காயில் கட்டிப் பழகிய கை. கிளைக்குக் கிளை சுற்றி வளைத்தார். செஸ் வகுப்பு முடிந்து மகள் வந்தபோது கண்காட்சி மரமே மேஜைமேல் நின்றது.

"எப்படி?"

"சூப்பர்ப்பா."

"தினம் நீதான் தண்ணி ஊத்தணும்."

"சரிப்பா."

அடுத்த வாரம் இன்னொரு சேதி சொன்னார். கோயம்புத்தூரில் ஒரு பெரிய பள்ளிக்கூடம். அங்கேயே ஹாஸ்டல். ஜூன் மாதம் சேர வேண்டும்.

"சரிப்பா" என்றாள் தர்ஷிகா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அபாகஸுக்கும் கீபோர்டுக்கும் இதே மாதிரிதான் சொல்லியிருந்தாள். தங்கமான பிள்ளை என்று சபேசன் எல்லோரிடமும் சொன்னார்.

மரம் பச்சையாகவே இருந்தது. பட்டறைக்கு வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டினார். ஆறாவது ஞாயிறு, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மகளோடு ஆட்டோவில் நர்சரிக்குப் போனார்.

"பத்து வருஷம்னீங்களே டீச்சர், ஒரே மத்தியானம்!"

ரூபவதி தொட்டியை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார்.

"கம்பி இவ்வளவு சீரா சுத்தினவங்களை நான் பார்த்ததில்லைண்ணா. யார் தண்ணி ஊத்தறது?"

"இவதான்."

"மரம் எப்படிம்மா இருக்கு?"

தர்ஷிகா அப்பாவைப் பார்த்தாள். "பச்சையா இருக்கு" என்றாள்.

ரூபவதி பக்கத்திலிருந்த தன் மரத்தில் ஒரு நுனியைக் கிள்ளி, கசக்கி, சபேசனிடம் கொடுத்தார். பென்சில் சீவுகிற வாசனை. பிறகு அவர் கொண்டுவந்த மரத்தில் ஒரு நுனியைக் கிள்ளிக் கொடுத்தார். சபேசன் மோந்தார். மறுபடியும் மோந்தார். ஒன்றுமில்லை.

ரூபவதி நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டினார். பட்டைக்கு உள்ளே பழுப்பு.

"எப்போ செத்தது டீச்சர்?"

"நீங்க வெட்டின வாரமே செத்திருக்கும். ஜூனிபர் இப்படித்தான். இலைக்குச் செய்தி மெதுவாத்தான் போய்ச் சேரும்."

சபேசன் மகள் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"மூணாவது வாரம் வாசனை போயிடுச்சுப்பா."

"ஏன் சொல்லல?"

"நீங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காமிச்சிட்டு இருந்தீங்க."

மேலே ரோட்டில் காத்திருந்த ஆட்டோ டிரைவர் ஹாரன் அடித்தார். யாரும் நகரவில்லை.

"எது தப்பு?" என்று கேட்டார் சபேசன். "கத்தரியா, கம்பியா, வேரா?"

"ஒவ்வொண்ணும் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க."

"அப்புறம் ஏன்?"

"எல்லாத்தையும் ஒரே மரம்தானே தாங்கணும்?"

சபேசன் தொட்டியின் விளிம்பைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

"இதுக்கு மேல தாங்காதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது டீச்சர்?"

"தெரிஞ்சுக்க முடியாது. மரத்துகிட்ட கேக்க முடியாதே. அதனாலதான் ஒரு வேலை செஞ்சிட்டு ஒரு வருஷம் காத்திருக்கறோம்." ரூபவதி புதுச் செடி ஒன்றைக் கறுப்புக் கவரோடு எடுத்து தர்ஷிகாவின் கையில் கொடுத்தார். "கேக்க முடியும்னா எதுக்குண்ணா காத்திருக்கணும்? கேட்டுட வேண்டியதுதானே."

சபேசன் செத்த மரத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஆட்டோவை அனுப்பிவிட்டு இருவரும் நடந்தே மேடு ஏறினார்கள். பாதி வழியில் ஒரு மதகுச் சுவரில் உட்கார்ந்தார்கள். செடி நடுவில் இருந்தது.

"தர்ஷி, அபாகஸ், கீபோர்டு, செஸ், கோயம்புத்தூர். இதுல உனக்கு எது வேணும், எது வேண்டாம்?"

அவள் கவரின் ஓரத்தை மடித்தாள்.

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

அவள் சொன்னாள். செஸ் மட்டும் போதும். கோயம்புத்தூர் வேண்டாம்.